அழிக்க முடியாத கார்டு

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள், சேர்ந்து ஒரு சலவைக்கூடம் நடத்தினார்கள். விடுதிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அங்கே வெளுக்க வரும். இருந்தது ஒரே வேன். காலையில் பெரியவள் ஓட்டுவாள், மதியத்துக்கு மேல் சின்னவள்.

ஒருநாள் விடுதி மேலாளர் ஒருவர் போன் செய்து, அவர்களுடைய வேன் மதியம் தன் பின்பக்கச் சுவரை இடித்துவிட்டுப் போனதாகக் கத்தினார். காவலாளி பார்த்தாராம்.

"நான் இடிக்கவே இல்லக்கா. வேணும்னா வண்டிய பாருங்க" என்றாள் சின்னவள்.

வேனில் கீறலுக்கா பஞ்சம்? எது பழசு, எது புதுசு என்று யாரால் சொல்ல முடியும்? முன்கண்ணாடியில் சாலையைப் படமெடுக்க மாட்டியிருந்த டேஷ்கேம் என்ற கேமராவிலிருந்து பெரியவள் மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டுப் பார்த்தாள். அந்த மதியத்துப் பதிவுகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்த கார்டைப் போட்ட புதிதில் சின்னவள் வேனுக்குள் தனியாக உட்கார்ந்து, அதைத் தன் போனில் செருகிக்கொண்டிருந்தாள். பெரியவளைக் கண்டதும் முகம் மாறிப்போய், "சரியா பதிவாகுதான்னு பாத்தேன்க்கா" என்றாள். கழற்றத் தெரிந்தவளுக்குக் கெடுக்கத் தெரியாதா?

அதன்பிறகு சின்னவள் எதைச் செய்தாலும் தப்பாகவே பட்டது. வேனைக் கழுவினால் எதைக் கழுவுகிறாள் என்று தோன்றியது. சிரித்தால் நடிப்பு, சும்மா இருந்தால் குற்றமுள்ள நெஞ்சு. புது கார்டு வாங்கக் கிளம்பியபோது "நானும் வரேன்க்கா" என்று அவள் செருப்பை மாட்ட, வாய்வரை வந்த 'எதுக்கு?' என்பதைப் பெரியவள் விழுங்கிக்கொண்டாள்.

கடையில் சார்ஜர்களும் கேமராக்களும் கூரைவரை தொங்கின.

"அழிக்கவே முடியாத கார்டு இருக்கா?" பெரியவள் சின்னவளைப் பார்க்காமல் கேட்டாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அப்படி ஒண்ணு போட்டா நிரம்பினதும் கேமரா நின்னுடும்மா. பழசு மேல புதுச எழுதிக்கிட்டே போறதுதான் இதோட வேலை." இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார். "இது போனுக்கு. நாள் பூரா எழுதி அழிச்சா சீக்கிரம் உயிர விட்டுடும். வெயில்ல வேற வேகும். இந்த இன்னொண்ணு ஓயாம எழுதினாலும் தாங்கும், டேஷ்கேமுக்கு இதுதான் சரி. உங்க கேமரா எத்தன ஜிபி வரைக்கும் ஏத்துக்கும்?"

விலை கூடியதை நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தாள் பெரியவள். "இப்ப இருக்கறதே இருநூத்தம்பத்தாறு ஜிபி. கார்டுல கோளாறு இல்ல. யாரோ கைய வச்சதுதான் கோளாறு."

'யாரோ'வில் அழுத்தம் விழுந்தது. சின்னவள் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் பழைய கார்டைச் சோதித்தார். நெடுநேரம் பிடித்தது. "யாரும்மா வாங்குனது இத?"

"நான்தான். ஆன்லைன்ல பாதி விலைக்குக் கெடச்சுது."

"மேல போட்டிருக்கறது இருநூத்தம்பத்தாறு. உள்ள எட்டுதான் இருக்கு. போலி. எட்டும் நிரம்பிட்டா எழுதற மாதிரி பாவ்லா காட்டும், பேரு மட்டும் விழும். முதல் நாளுக்கு அப்புறம் எதுவுமே இதுல இல்ல."

"யாராவது அழிச்சிருந்தா?"

"அழிச்சா பேரே இருக்காதே! திறக்கறது முதல் நாள் காலையில எடுத்தது மட்டும்தான். பாருங்க."

திரையில் சாலை ஓடியது. கூடவே பெரியவளின் குரல், தன் அக்காவிடம் போனில் பேசுவது: "சின்னவள நம்பித்தான் வண்டியக் குடுக்க வேண்டியிருக்கு, என்ன பண்றது? வாயி இனிக்கும், ஆளு நம்பகமில்ல. என் கொழுந்தனாரு பாவம், ஏமாந்து கட்டிக்கிட்டாரு..."

கேமராவில் குரலும் பதிவாகும் என்பது பெரியவளுக்கு அதுவரை தெரியாது. கடைக்காரர் பதறி நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீங்கண்ணே, இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள் சின்னவள்.

அவர் நிறுத்திவிட்டார். பெரியவளின் காதெல்லாம் சூடேறியது. "அன்னைக்கு வண்டியில இதையா கேட்டுக்கிட்டிருந்த?"

"மூணு தடவ கேட்டேன்."

"அப்பவே அழிச்சிருக்கலாமே."

"அழிச்சிருந்தா எதையோ மறைக்கறேன்னு சொல்லியிருப்பீங்க."

பெரியவள் பையைத் திறந்து பணத்தை எடுத்தாள். கடைக்காரர் சொன்ன கார்டையே வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் பெரியவள் அந்த விடுதி வாசலில் வேனை நிறுத்திவிட்டு, மேலாளரிடம் தனியாகப் போனாள்.

"காட்டறதுக்கு எங்கிட்ட படம் இல்ல சார். ஆனா எங்க வீட்டுப் பொண்ணு இடிக்கலன்னா இடிக்கல, அவ்வளவுதான்."

அவர் மசியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்த விடுதியின் துணிகள் வேறு எங்கோ போயின.

"எதுக்குக்கா உள்ள போனீங்க?" என்று சின்னவள் பிறகு கேட்டாள்.

"தோணுச்சு, போனேன்." மன்னிப்பு என்ற சொல் கடைசிவரை பெரியவள் வாயில் வரவே இல்லை.

புது கார்டு ஒழுங்காக வேலை செய்தது. சரியாகப் பதிவாகிறதா என்று இருவரும் சேர்ந்தே அவ்வப்போது பார்ப்பதென்று ஏற்பாடு. ஒருமுறை அப்படிப் பார்க்கையில், பதிவில் வேன் ஓரமாக நிற்க, பெரியவள் அதன் முன்னால் போனும் கையுமாக நடந்துகொண்டிருந்தாள்.

"போன் வந்தா ஏன்க்கா எறங்கிடறீங்க?"

"ஓட்டிக்கிட்டே பேசக்கூடாதுல்ல."

சின்னவள் தலையாட்டினாள். பிறகு பதிவைப் பின்னால் தள்ளி அதையே மறுபடி ஓடவிட்டாள். படத்தில் பெரியவளின் உதடுகள் வேகவேகமாக அசைந்தன. போகிற வண்டிகளின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. சின்னவள் ஒலியைக் கொஞ்சம் கூட்டினாள்.