மகேந்திரராஜாவின் வலது முழங்கால்

1974ஆம் ஆண்டு மாசி மாதத்திலிருந்து, சிட்னியின் பிளாக்டவுனில் வசித்த மகேந்திரராஜாவின் வலது முழங்கால் றொக் அன்ட் றோல் வாசித்து வந்தது. மடக்கினால் பாட்டு, நீட்டினால் நிறுத்தம்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். றொக் அன்ட் றோலுக்கே முன்னோடி என்று பத்திரிகைகள் எழுதிய ஒரு கிற்றார்காரர் சிட்னிக்கு வந்தபோது, றெயில்வே எஞ்சினியரான மகேந்திரராஜாவுக்கு வேலை செய்த கந்தோரில் ஒருவர் ரிக்கற் கொடுத்தார். கச்சேரி என்றால் கச்சேரிதானே என்று இவர் வேட்டி சால்வையோடு போய், முன்வரிசையில் இருந்து, இரண்டு மணி நேரமும் முழங்காலில் ஆதி தாளம் போட்டார். சுற்றியிருந்த அத்தனை பேரும் எழும்பி ஆடினார்கள். இவர் அசையவில்லை. ஆசை இருந்தது, ஆனால் நல்ல ரசிகன் ஆடமாட்டான். அடக்கி வைத்தது எங்காவது போய்ச் சேரத்தானே வேண்டும்? மறுநாள் சப்பாத்து மாட்டக் காலை மடக்கியபோது முதல் பாட்டு வந்தது.

டொக்டர் எக்ஸ்றே எடுத்தார். கிற்றார் எதுவும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டாவது பாட்டை இன்னொருமுறை கேட்டார். மகேந்திரராஜா நான்கு வருடம் றெயிலில் நின்றபடி வேலைக்குப் போனார், குசினியில் நின்றபடி சாப்பிட்டார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் சனிக்கிழமைகளில் வேலிக்கு மேலால் பியரை நீட்டி, தயவுசெய்து கொஞ்சம் குந்தும்படி கேட்பார்.

தமிழ்ச் சங்கம் இதைக் கலாசாரச் சீரழிவு என்று தீர்மானித்தது. நாற்பது குடும்பங்களுக்கு அது ஒரே சங்கம். தலைவராக விரும்பியவர்கள் முப்பத்தொன்பது பேர். அப்போதைய தலைவர் இரத்தினசிங்கம், மகேந்திரராஜாவின் மகள் கமலினிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வீட்டுக்கே வந்துவிட்டார். மணவறையில் பெண்ணின் தகப்பன் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருக்க வேண்டுமே, மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்?

"நீர் கார் பார்க்கில நில்லும். தாரை வார்க்கிறதை நான் பாக்கிறன்" என்றார்.

மகேந்திரராஜா சரி என்றார். பெற்ற மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க முடியாதவர் வேறென்ன சொல்வார்? அன்றிரவு அவர் அழுததை மனைவி யோகராணி மட்டும் கண்டார்.

கல்யாணம் பரமட்டாவில் ஒரு பள்ளிக்கூட ஹோலில் நடந்தது. தீயணைப்புப் படைக்குப் பயந்து அலுமினியத் தட்டில் ஓமம். நாதஸ்வரம் ரேப் றெக்கோடரில். மந்திரம் சொல்ல வந்த இந்தியத் தமிழர் பாலகிருஷ்ணன் வார நாட்களில் பல் வைத்தியர். தாரை வார்க்கும் நேரம் இரத்தினசிங்கம் கையை நீட்ட, கமலினி தன் கையை மூடிக்கொண்டாள்.

"அப்பா வரட்டும்."

"நேரம் போகுது பிள்ளை."

"போகட்டும் அங்கிள்."

ஆள் அனுப்பி அழைத்து வந்தார்கள். மகேந்திரராஜா மகளைப் பார்த்தார், பிறகு சப்பாணி கட்டி இருந்தார். ஹோல் அதிர்ந்தது. இரத்தினசிங்கம் ஓடிப்போய் நாதஸ்வரத்தின் சத்தத்தைக் கூட்ட, றெக்கோடர் ரேப்பைத் தின்றுவிட்டது. முழங்கால் மட்டும் நிற்கவில்லை. அவரும் எழும்பவில்லை. கன்னிகாதானம் முடிந்து, அதே பாட்டில் தாலியும் ஏறியது. அந்தக் கணத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா தும்மினார். பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கேள்வி கேட்கும் முன் பாலகிருஷ்ணன் சொல்லிவிட்டார்: "கெட்டிமேளம் எதுக்கு? அபசகுனம் காதுல விழாம இருக்கத்தானே? விழல. முடிஞ்சுது."

அதன் பிறகு சிட்னியில் நடந்த பதினொரு கல்யாணங்களுக்கும் மகேந்திரராஜாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். பன்னிரண்டாவது இரத்தினசிங்கத்தின் மகனுடையது. அவர் வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைத்தார்.

கமலினியின் கல்யாணத்தன்று பின்னேரம் வீடு திரும்பிய மகேந்திரராஜா, நான்கு வருடங்களுக்குப் பிறகு கதிரையில் காலை மடக்கி இருந்து தேத்தண்ணி குடித்தார். குடித்து முடித்து எழும்பப் போனவரை யோகராணி தடுத்தார்.

"இருங்கோ. பாட்டு முடியட்டும்."