பதினோரு பேரில் முதல் அழைப்பு

"அண்ணி, ரெண்டு கையும் இடது கையா தச்சு வச்சிருக்கீங்க."

நாத்தனார் கவுனைத் தூக்கிக் காட்டியபோதுதான் தையல்காரிக்கே அது தெரிந்தது. தான் தைத்ததைத் தானே போட்டுப் படமெடுத்துச் செல்போனில் வெளியிடுவது அவள் வழக்கம். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் தைக்கக் கொடுப்பார்கள். மூன்று நாளைக்கு முன் எவனோ அந்தப் படமொன்றிலிருந்து அவள் முகத்தை வெட்டி, உடையில்லாத உடம்பொன்றில் ஒட்டி அவளுக்கே அனுப்பியிருந்தான். 'வீடியோ காலில் வா. வரலேன்னா இது உன் புருஷனுக்குப் போகும். அவன் நம்பர் என்கிட்ட இருக்கு.'

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்படியில் தினம் மல்லுக்கு நிற்கும் நாத்தனாரிடம் போய் இதைச் சொல்வதா? ஆனாலும் அன்று அடக்க முடியாமல் போனை நீட்டிவிட்டாள்.

போட்டோ ஸ்டூடியோவில் ஆல்பம் செய்பவள் நாத்தனார். படத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். "கழுத்தே ஒட்டல அண்ணி. வேலை தெரியாத பய."

அழுகைக்கு நடுவிலும் தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாத்தையும் அழிச்சிடறேன்."

"அழிச்சிடாதீங்க, அதுதான் சாட்சி. மொதல்ல அண்ணன்கிட்ட சொல்லுவோம்."

பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவன், நின்றபடியே எல்லாவற்றையும் படித்தான். அவன் முகம் சிவந்தது. அவள் தலை குனிந்தாள்.

"மூணு நாளா இதை ஒண்டியாவா சுமந்தே?" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. காலையில் லீவு போட்டுவிட்டு, இருவரையும் சைபர் கிரைம் போலீஸுக்கு அழைத்துப் போனான்.

அங்கே மூன்று கம்ப்யூட்டர்களில் ஒன்றுதான் ஓடியது. காத்திருந்து காத்திருந்து மதியமாகிவிட்டது. ஆனால் பெண் இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். "படத்தை இப்படி மாத்தறதும் குத்தம், மிரட்டறதும் குத்தம். வாங்கி அடுத்தவனுக்கு அனுப்பறவனும் குத்தவாளிதான். உங்க பேர் வெளியே வராது."

மூன்று வாரம் அலைந்தார்கள். கடைசியில் ஆள் பிடிபட்டான். அவள் போனைப் பழுது பார்த்த கடைக்காரனேதான். கணவனின் நம்பர் அவனிடம் எப்படி வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

"அவன் போன்ல இன்னும் பதினோரு பொண்ணுங்க படம் இருக்கு. ஒருத்தர்கூடப் புகார் குடுக்கல. நாங்க கூப்பிட்டா பயந்துபோய் போனை வச்சிடறாங்க. நீங்க பேசிப் பாக்கறீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தையல்காரி கணவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இன்ஸ்பெக்டர் முதல் நம்பரை அழுத்திக் கொடுத்தார். மறுமுனையில் ஒரு பெண் தயங்கித் தயங்கி "யாரு?" என்றாள்.

"நானும் உங்களை மாதிரி மூணு நாள் சாப்பிடாம அழுதவதாங்க. தப்பு பண்ணவன் அவன். வெட்கப்பட வேண்டியவனும் அவன்தான். சட்டம் இருக்கு, ஆனா நாம வாயைத் திறந்தாத்தான் அதுக்குக் காது கேக்கும். பயப்படாதீங்க, ஸ்டேஷனுக்கு நானும் கூட வர்றேன்."