ஒயரில் இல்லாத கோளாறு

ஆறு மணிக்கு நிகழ்ச்சி. ஐந்தரைக்குள் அவள் நான்காவது தடவையாகக் கை கழுவிவிட்டு வந்தாள். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்தால் வலது கை தன்பாட்டுக்கு ஆடும். குழாயடியில் நீட்டியிருந்தால் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

மூன்று பேர் சேர்ந்து செய்யும் வித்தை அது. மேடையில் ஆளுயரப் பலகை. அதில் அவள் கரித்துண்டால் வரைவாள். பலகையின் முதுகில் ஒட்டியிருக்கும் குட்டி மைக், கரி உரசும் சத்தத்தை அரங்கம் முழுக்கக் கொண்டுபோகும். பலகைக்கு முதுகைக் காட்டி நிற்கும் தங்கை, அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டு ஆடுவாள். தங்கை திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவர்களாகப் போட்டுக்கொண்ட சட்டம். சத்தத்தைக் கூட்டிக் குறைத்து விளையாடுவது அவள் வீட்டுக்காரன் வேலை.

கை நடுங்கத் தொடங்கி மூன்று மாதம். டாக்டர் ஏதோ ஒரு நோயின் பெயரைச் சொல்லி, போகப்போகக் கூடும் என்றார். வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை. சொன்னால் வரையாதே என்பார்கள். வரையாவிட்டால் தான் யார் என்று அவளுக்கே தெரியாது. பலகைக்குத்தான் எதையும் மறைக்கத் தெரியவில்லை. ஒத்திகையில் கோட்டுக்கு நடுவே டகடகவென்று ஒரு சத்தம் வர, ஒயர் லூஸ் என்று வீட்டுக்காரன் முடிவுகட்டினான். மூன்று ஒயர் மாற்றினான், பற்றவைத்ததைப் பிரித்து மறுபடி பற்றவைத்தான், தலையைப் பிய்த்துக்கொண்டான். நல்ல மனுஷன்தான். உலகத்தில் எது கெட்டாலும் ஒயரில்தான் கெடும் என்று நம்புகிறவன்.

"புது மைக் போட்டிருக்கேன். இன்னைக்கு அந்த டகடக சத்தம் வராது பாரு" என்றான் இப்போது.

"வந்தா?"

"வராதுங்கிறேன்ல. நீ ஏன் இப்படி நிலைகொள்ளாம சுத்துற? உட்காரு."

அவள் உட்காரவில்லை.

நிகழ்ச்சியில் முதல் பத்து நிமிடம் தப்பித்தாள். நீளக் கோடுகளை வேகமாக இழுத்தால் கை அடங்கியிருக்கும். அதன் பிறகு மெதுவாக ஒரு வட்டம் போட வேண்டிய இடம். கரியை வைத்ததுமே டக், டக், டகடகவென்று அரங்கம் அதிர்ந்தது. புது மைக் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வீட்டுக்காரன் குனிந்து ஒயரைத் தடவுவது கடைக்கண்ணில் பட்டது. அழுத்திப் பிடித்தாள், இன்னும் கூடியது. நிறுத்தினால் தங்கை அந்தரத்தில் நிற்பாள் என்று, கரியை எடுக்காமலே அவள் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

தங்கையின் தோள் நடுங்கியது. பிறகு முழங்கை, பிறகு விரல்நுனி. மூன்று மாதமாக ஒளித்துவைத்தது அத்தனை பேர் முன்னால் தங்கையின் உடம்பில் ஆடிக்கொண்டிருந்தது. அது அழகாக வேறு இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. எப்படியோ வட்டத்தை மூடினாள்.

கைதட்டல் ஓய்ந்து திரைக்குப் பின்னால் வந்ததும் தங்கை வியர்வையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"சாரி, இந்த மைக்கும் சரியில்ல. நாளைக்குள்ள பார்த்துடறேன்."

"அதுல கை வைக்காதீங்க மாமா" என்றாள் தங்கை. "அது அக்கா வேணும்னே பண்றது. ஒத்திகையிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே வரா, நான் கவனிச்சேன். அக்கா, நாளைக்கும் அந்த இடம் அப்படியே வரணும், சரியா?"

அவள் கரி படிந்த வலது கையைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள். இந்த முறை அடக்கிப் பிடிக்கவில்லை.

"வேண்டாம்னாலும் வரும்டி" என்றாள்.