இரண்டு பேர் மட்டும் போகிற கல்யாணம்

"கல்யாணத்துக்கு மொத்தம் எத்தனை பேர்டா?" என்று சாப்பாட்டு மேஜையில் கேட்டாள் அகல்யா.

மகன் முகுந்த் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். மகாபலேஷ்வரில் ஒரு ரிசார்ட். புல்வெளி, அதற்கப்பால் பள்ளத்தாக்கு, அதைப் பார்த்தபடி இரண்டே இரண்டு நாற்காலிகள்.

"ரெண்டு பேர்தாம்மா. நீ, விஸ்வேஸ்வரன் அங்கிள். டெஸ்டினேஷன் வெட்டிங்னு சொல்றா. சின்னதா, நீட்டா. வாத்தியாரை இங்கேர்ந்தே கார்ல அனுப்பிடறேன். மாலை, நாதஸ்வர சிடி, ஸப் குச் ரெடி. என் மேனேஜர் தங்கைக்குக்கூட இப்படித்தான் பண்ணினா."

"தங்கை கல்யாணத்துக்கு உன் மேனேஜர் போனாரோ?"

"போகாம இருப்பானா? சொந்தத் தங்கைம்மா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. தயிர்சாதத்தைப் பிசைய ஆரம்பித்தான்.

அவன் மாமியார் ராஜி கைகொடுத்தாள். பெண் ப்ரீத்தியின் வளைகாப்பை நடத்திவைக்க மெட்ராஸிலிருந்து வந்து தங்கியிருப்பவள். "தப்பா எடுத்துக்காதீங்கோ மாமி. ப்ரீத்திக்கு ஏழாம் மாசம். அந்த மலைப்பாதை வளைவுல அவளை அழைச்சுண்டு போக முடியுமோ? அவளை விட்டுட்டு மாப்பிள்ளைதான் வர முடியுமோ?"

ப்ரீத்தி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் கம்பெனி வண்டியில் ஹிஞ்சேவாடிக் குண்டுகுழிகளில் ஆடி ஆடிப் போய்வருகிறவள்தான் அவள்.

"சரி" என்றாள் அகல்யா.

இந்த வீட்டில் அவள் சொன்ன 'சரி'களை அடுக்கினால் மாடியே கட்டலாம். கணவர் ரங்கராஜன் பஸ் விபத்தில் போனபோது முகுந்த் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். ஊருக்கே வந்துவிடு என்று அண்ணா கூப்பிட்டார், அவள் போகவில்லை. போபோடியின் இந்தச் சந்து வீட்டிலிருந்து கட்கி ஸ்டேஷனுக்கு நடந்து, லோக்கல் ரயிலில் ஆகுர்டி போய், அங்கே ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிள்ளையை இன்ஜினியராக்கினாள். பிள்ளையின் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்க வேறு ஒரு மாமியைக் கூப்பிட்டார்கள். அதற்கும் சரி என்றாள். தூணுக்குப் பின்னால் நின்று தாலி கட்டுவதைப் பார்த்தாள்.

விஸ்வேஸ்வரன் அந்த லோக்கலில் கிடைத்தவர். ஆகுர்டியில் ஸ்கூட்டர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். மனைவியை இழந்தவர், குழந்தைகள் இல்லை. ஒரு மழைநாளில் வண்டி வராமல் பிளாட்பாரத்தில் நின்றபோது, அவள் கையிலிருந்த தமிழ் வாரப் பத்திரிகையைப் பார்த்து, படித்தபின் தர முடியுமா என்று கேட்டார். அப்படி ஆரம்பித்தது. காதல் என்று சொன்னால் இரண்டு பேருமே சிரித்துவிடுவார்கள். அவர் ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிப் பேசுவார். அவள் அரைப்பரீட்சைத் தாள்களைப் பற்றிப் பேசுவாள். காய்ச்சல் வந்தால் ஒரு டம்ளர் கஞ்சி வைத்துத் தர ஆள் வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

முகுந்த் கெட்ட பிள்ளை இல்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுத் தொலைக்கலாம். அம்மா விஷயத்தைச் சொன்னபோது ஒரு நாள் பூராவும் பேசாமல் இருந்துவிட்டு மறுநாள், "உன் லைஃப்ம்மா, ஐ ஆம் ஹாப்பி" என்றான். அதை அவள் நம்பினாள்.

ரிசார்ட் பேச்சு நடந்த மறுநாள் மாலை பிளாட்பாரத்தில் விஸ்வேஸ்வரனிடம் ரிசார்ட் கதையைச் சொன்னாள்.

"எனக்கென்ன, வர்றதுக்கு யாரு இருக்கா? ரெண்டு பேர் போறும்" என்றார் அவர். பிறகு மெதுவாக, "உங்களுக்குத்தான் மனசு வலிக்கும்."

"வலிக்கறதுக்குக்கூட அலுப்பா இருக்கு" என்றாள் அகல்யா. இருவரும் வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியே போயிருந்தால் மகாபலேஷ்வரில் அந்த இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்து இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொண்டிருப்பார்கள். கெடுத்தது எதிர் வீட்டு ஷிண்டே வஹினி, தெருவே மராத்தியில் 'அண்ணி' என்று கூப்பிடுகிறவள். கெடுக்க வேண்டும் என்று அவள் நினைக்கவேயில்லை, பாவம்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. அகல்யா கதவைத் திறந்தாள். வஹினி ஒரு சின்ன பிளாஸ்டிக் கேனோடு நின்றிருந்தாள்.

"டீச்சர், காசிக்குப் போறீங்களாமே! ராஜி மாமி சொன்னாங்க" என்றாள் இந்தியும் மராத்தியுமாக. "இதுல கொஞ்சம் கங்காஜலம் கொண்டு வந்து தருவீங்களா? திரும்பி இங்க வராம நேரா ஆகுர்டிக்கே குடிபோறீங்கன்னும் சொன்னாங்க. ஸ்கூலுக்குப் பக்கமாம். பரவாயில்ல, எங்க வீட்டுக்காரர் வந்து வாங்கிக்குவார்."

அகல்யா கேனை வாங்கிக்கொண்டாள். திரும்பி ஹாலைப் பார்த்தாள். ராஜி கையிலிருந்த பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"முகுந்த், உனக்கு இது தெரியுமா?"

"அம்மா, பாத் க்யா ஹை... விஷயம் என்னன்னா, தெருவுல நாலு கேள்வி வரவேண்டாமேன்னுதான். வளைகாப்புக்கு மெட்ராஸ்லேர்ந்து எல்லாரும் வரா. நீ கிளம்பிப் போயிட்டா டென்ஷன் இல்லை."

கைம்பெண்ணாக இந்தச் சந்தை விட்டுப் போய்விட வேண்டும். மனைவியாக இதற்குள் திரும்பி வரக் கூடாது. இதற்குத்தான் புல்வெளி, பள்ளத்தாக்கு, நாதஸ்வர சிடி. எத்தனை செலவு செய்தாலும் ஒளித்துவைப்பது ஒளித்துவைப்பதுதான் என்று அகல்யாவுக்கு அப்போது புரிந்தது. அழுகை வரவில்லை. கால் மட்டும் வலித்தது.

"வஹினி, நான் காசிக்குப் போகலை" என்றாள் இந்தியில், தெருவுக்கே கேட்கும்படி. "எனக்குக் கல்யாணம். வர ஞாயித்துக்கிழமை காலைல, நம்ம தெருமுனை கணபதி கோயில்ல. ஒரு நிமிஷம் நில்லுங்கோ, முறையா அழைக்கணும்."

உள்ளே போய் சுவாமி அலமாரியிலிருந்து வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்தாள். அந்தச் சிமிழைத் தேய்த்துத் துடைத்து வைப்பது இத்தனை வருஷமும் அவள் வேலைதான். திறந்து யாருக்கும் நீட்டியதில்லை. முதலில் ராஜியின் முன்னால் போய் நின்றாள்.

"மாமி, என் கல்யாணத்துக்கு அவசியம் வந்துடுங்கோ."

ராஜி எழுந்து நின்றுவிட்டாள். நீட்டிய குங்குமத்தைச் சுமங்கலி வேண்டாம் என்று சொல்லக் கூடாது. கணவனை இழந்தவள் கையிலிருந்து எடுக்கவும் கூடாது. இரண்டும் அவள் உயிரையே வைத்திருக்கிற சாஸ்திரம். கை பாதி எழுந்து அந்தரத்தில் நின்றது.

"முதல்ல... முதல்ல கல்யாணம் ஆகட்டும் மாமி. அப்புறம் எடுத்துக்கறேன்."

"ஆனப்புறம் ப்ரீத்திக்கு வளையல் போட என்னைக் கூப்பிடுவேளா?"

ராஜி மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"அதெப்படி, ரெண்டாந்தாரமா..." என்று ஆரம்பித்த ராஜி, வழி தெரியாமல் வேறு பக்கம் பாய்ந்தாள். "பெத்தவ கல்யாணத்தைப் பிள்ளை கண்ணால பாக்கப்படாதுன்னு சொல்லுவா. மாப்பிள்ளை நன்மைக்குத்தான் நாங்க இவ்வளவு தூரம்..."

"யாரு சொல்லுவா? இப்படி ஒரு கல்யாணம் நடக்கும்னு நினைச்சே பாக்காதவா இதுக்கு எங்கேர்ந்து சாஸ்திரம் எழுதினா?" அகல்யா மகன் பக்கம் திரும்பினாள். "முகுந்த், உன்னையும்தாண்டா அழைக்கறேன். பாக்கக்கூடாதுன்னா கண்ணை மூடிண்டு நில்லு. ஆனா வந்து நில்லு."

"அம்மா, உள்ள வந்து பேசு. எல்லாரும் பாக்கறா."

"பாக்கட்டும். ரெண்டு பேர் போதாது எனக்கு."

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப்பார்த்தன. ப்ரீத்தி வயிற்றில் கையை வைத்தபடி அறை வாசலில் நின்றாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். ராஜி கண்ணால் அதட்டவே அங்கேயே நின்றுவிட்டாள். அந்த ஒரு அடியை அகல்யா பார்த்தாள். அதுவே இந்த வீட்டில் அன்றைக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை.

வாசலுக்கு வந்து ஷிண்டே வஹினியிடம் சிமிழை நீட்டினாள். தமிழில் நடந்த சண்டை ஒன்றும் வஹினிக்குப் புரியவில்லை. கல்யாணம் என்பது மட்டும் புரிந்திருந்தது. அதிர்ச்சி இன்னும் போகாத முகத்தோடு, "அபினந்தன், டீச்சர்" என்று வாழ்த்தை முணுமுணுத்துக் குங்குமத்தை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் பழக்கத்தில் அதோடு முடிவதில்லை. வைத்துக்கொண்டவள் கொடுத்தவளுக்கும் வைத்துவிட வேண்டும். எத்தனையோ பண்டிகைகளில், எத்தனையோ வாசல்களில் பழகிய கை அது. யோசிக்காமல் மறுபடியும் சிமிழுக்குள் போயிற்று. பதினோரு வருஷமாகக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டைத் தவிர எதுவும் காணாத அகல்யாவின் நெற்றி நடுவில் ஒரு விரல் குங்குமம் பதிந்தது.

வைத்த பிறகுதான் வஹினிக்கு நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே ராஜி "ஐயோ" என்றாள்.

"துடைச்சுக்கோ அம்மா, ப்ளீஸ்" என்றான் முகுந்த்.

அகல்யா புடவைத் தலைப்பைக் கையில் எடுத்தாள். அதை இடுப்பில் செருகிக்கொண்டு, சிமிழோடு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் மணியை அழுத்தினாள்.