கிணற்றுத் தண்ணீர் மீன்கள்

என் மாமனார் இரத்தினசபாபதிக் குருக்கள் வீட்டில் மீன்தொட்டி வைக்கச் சம்மதித்ததற்கு ஒரே காரணம், அந்த மீன்கள் சைவம் என்று நான் சொன்னதுதான். பொய்யில்லை. ஆப்பிரிக்க ஏரியொன்றில், கல்லில் படியும் பாசியைத் தின்று வாழும் சிச்லிட் மீன்கள் அவை. அவித்த பசளிக்கீரையும் தின்னும். நீல நிறத்தில் ஓர் ஆண், மஞ்சளில் மூன்று பெண். யாழ்ப்பாணத்தில் வாங்கி, பையை மடியில் வைத்தபடி பஸ்ஸிலும் பிறகு படகிலுமாக நயினாதீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

அவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டவேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்ன, பிடிவாதம். நான் அக்கரையில், யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்தவள். எங்கள் வீட்டுக் கிணறு இனிக்கும். இந்த வீட்டுக் கிணறு உவர். கல்யாணமாகி வந்து முதல் வாய்த் தேத்தண்ணீருக்கு நான் முகம் சுளித்ததைப் பார்த்த மாமா, "இந்தத் தண்ணிக்கு நீர் நிண்டு பிடிக்கமாட்டீர், பிள்ளை" என்றார். பரிவோடுதான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து ஊருக்கு நான் 'கோண்டாவில் பிள்ளை'.

வீட்டுக்கு யார் வந்தாலும் நாங்கள் கிணற்றுத் தண்ணீர் கொடுப்பதில்லை. அக்கரையிலிருந்து பிளாஸ்டிக் கானில் வரும் சுத்திகரித்த தண்ணீரைத்தான் கொடுப்போம். "எங்கட தண்ணி உங்களுக்கு ஒத்துவராது" என்று மன்னிப்புக் கேட்டபடியே மாமா செம்பை நீட்டுவார். மீன்களும் விருந்தாளிகள்தானே? தொட்டிக்கும் கான் தண்ணீரையே ஊற்றினேன். அவற்றின் நிறம் மங்கியது. இன்னும் நல்ல தண்ணீர் ஊற்றினேன். மஞ்சள் மீன்களில் இரண்டு செத்தன.

"பூசை செய்யிற ஆக்களின்ரை வீடு இது" என்றார் மாமா. "இன்னும் ஒண்டு செத்தால் தொட்டியைப் படகிலை ஏத்திப்போடுவன்."

"வேலியிலை போன ஓணானை மடியிலை கட்டினீர்" என்றார் என் கணவர் ஸ்கந்தகுமார். அவருக்குச் சிரிப்பு.

அந்தக் கிழமை கடல் கொந்தளித்தது. படகு ஓடவில்லை, கான் வரவில்லை. தொட்டித் தண்ணீரோ நாறத் தொடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல், இருக்கிற இரண்டையும் கொல்லப்போகிறேன் என்று அழுதபடி, கிணற்றுத் தண்ணீரைச் செம்பு செம்பாக மாற்றி ஊற்றினேன்.

சாகவில்லை. சில நாளில் ஆண் மீன் திருவிழாப் பட்டுப்போல மினுங்கியது. அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்து தேடிப் படித்தேன். அந்த ஏரியின் தண்ணீரும் கடினத் தண்ணீராம். தேத்தண்ணீருக்குக் கொதிக்கவைக்கிற எங்கள் கேத்தலில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு இல்லாமல் அவற்றால் வாழ முடியாது. எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது.

பிறகு ஒருநாள் பெண் மீன் தின்பதை நிறுத்தியது. அதன் தாடை வீங்கியிருந்தது.

"இதுவும் போகப்போகுது" என்றார் மாமா.

"இல்லை மாமா. முட்டையளை வாயுக்கை வச்சிருக்கிறா. குஞ்சு வருமட்டும் தின்னமாட்டா. விரதம் எண்டு வையுங்கோ."

"எத்தினை நாளைக்கு?"

"மூண்டு கிழமை. இருபத்தொரு நாள்."

சஷ்டிக்கு ஆறு நாள் மிளகும் தண்ணீருமாக இருக்கிற மனிதர். அவராலேயே நம்ப முடியவில்லை.

"தான் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால்" என்றார் என் கணவர்.

ஆண் மீன் அவளைத் துரத்தியபடியே இருந்தது. பயந்தால் முட்டைகளை விழுங்கிவிடுவாள். வலையால் பிடிக்கவும் ஏலாது. தொட்டிக்குள் கிடந்த சின்ன மண்முட்டிக்குள் அவள் ஒளிந்த நேரம் பார்த்து, முட்டியோடு தூக்கி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய சின்னத் தொட்டிக்கு மாற்றினேன். நாளாக ஆக அவள் வயிறு ஒட்டியது. ஏதாவது போடு, போடு என்று வீடே சொன்னது. நான் போடவில்லை. போடாமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குருநாகலில் கடை வைத்திருக்கும் பரராசசிங்கம் அண்ணை வழக்கம்போலக் கோயிலுக்கு வந்தவர், எங்கள் வீட்டுக்கும் வந்தார். மாமா கானை எடுக்கப் போனவர், சின்னத் தொட்டியடியில் நின்று கத்தினார்.

"பிள்ளை! ஓடி வாரும்!"

முட்டியைச் சுற்றி அரிசிமணி அளவில் மஞ்சள் குஞ்சுகள். நான் குனிந்ததும் அத்தனையும் வெருண்டு தாயின் வாய்க்குள் ஓடின. மாமா சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன தண்ணி விடுறனீங்கள்?" என்று பரராசசிங்கம் அண்ணை கேட்டார்.

"எங்கட கிணத்துத் தண்ணி" என்றார் மாமா. "மருமகள்தான் வளர்க்கிறா."

"ஓ, அந்தக் கோண்டாவில் பிள்ளையோ?"

"அது முந்தி" என்றார் மாமா. கானை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அண்ணைக்கு எங்கட தண்ணியிலையே தேத்தண்ணி போடும்."