பூச்சி மாத்திரை

வேன் தெருவுக்குள் திரும்பியதுமே ஒப்பாரி எழுந்தது. பொம்மையனின் தலையை மடியில் வைத்திருந்த மலர்விழிக்கு மட்டும் அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வேனுக்குள் ஏறி நாடி பார்த்து, "வீட்டுக்குக் கொண்டு போயிருங்கம்மா" என்றதிலிருந்து அவள் அவன்மேல் போர்வையைச் சரிசெய்தபடியே இருந்தாள்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்காக் குடுத்தீங்கள்ல மதினி?" கொழுந்தன் முருகேசன் மறுபடியும் கேட்டான்.

"குடுத்தேன் தம்பி."

நூல்மில்லில் பொம்மையன் வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் நாடாப்புழுவின் குஞ்சுகளாம். "பூச்சி சாகும்போது மூளை வீங்கும். வீக்க மாத்திரையும் சேர்ந்தே போகணும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அவளும் தலையை ஆட்டினாள்.

ஆனால் பூச்சி மருந்தென்றால் அவள் அறிந்தது பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான். விடிகாலையில், வெறும் வயிற்றில், வேறெதுவும் சேர்க்காமல். சேர்த்தால் மருந்து முறிந்துவிடும். இதை முடித்துவிட்டு அதைக் கொடுக்கலாமென்று வீக்க மாத்திரையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். நேற்று அவன் தலைவலி தாங்காமல் சுவரில் முட்டியபோது, பாவி, பூச்சி சாகிறதென்று சந்தோஷப்பட்டாள். இன்று காலை வந்த வலிப்பு நிற்கவே இல்லை. மூளை வீங்குமென்று மதுரை டாக்டர் சொன்னதன் அர்த்தம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது.

வேன் வீட்டு வாசலில் நின்றது. கதவில் பூட்டு தொங்கியது.

"சாவி எங்க மதினி?"

இடுப்பைத் தடவினாள். பிறகுதான் நினைவு வந்தது. வேனில் அவனுக்கு வெட்டி இழுத்தபோது, இரும்பு பட்டால் அடங்குமென்று சாவியைத்தான் கையில் திணித்திருந்தாள்.

போர்வையை விலக்கினாள். விரல்கள் இறுகியிருந்தன.

"சீக்கிரம் மதினி, எல்லாரும் வெயில்ல நிக்கிறாக."

"செத்த இரு தம்பி."

சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கையில் சாவி அச்சாகப் பதிந்திருந்தது. அதைக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தாள்.

கதவு திறந்தது. "ஏப்பா, மொதல்ல சாமி படத்தத் திருப்பி வைய்யி" என்று கூட்டத்திலிருந்து பக்கத்து வீட்டு அய்யம்மாள் குரல் கொடுத்தாள்.

மலர்விழி வேனைவிட்டு இறங்கவில்லை. திறந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. முருகேசன் படத்தைத் திருப்பினான். ஒரு மாத்திரைகூடப் பிரிக்காத அட்டை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தான். வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"வாங்கப்பா, அண்ணனத் தூக்குவோம்."