பக்கத்தில் நிற்பவர்கள்

துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ஜெபசுதாவுக்கு வேலை. கணவர் எஸ்றா இறந்து நாலு வருடமாகிறது. ஒரே மகன் பெவின் ராட்டர்டாமில் இருந்தான். அம்மாவின் பிறந்தநாளுக்கென்று, ஊருக்கு வந்த நண்பனிடம் ஒரு சென்ட் பாட்டிலைக் கொடுத்தனுப்பினான். பூவும் படமும் இல்லாத, மருந்து பாட்டில் மாதிரியான ஒன்று.

சனிக்கிழமை சாயங்காலம் மணிக்கட்டில் அடித்துப் பார்த்தாள். முதலில் ஸ்பிரிட் நெடி. அது பறந்ததும், மிளகை நசுக்கினாற்போல லேசாக ஒரு காரம். பிறகு ஒன்றுமே இல்லை. மூக்கோடு ஒட்டி வைத்து முகர்ந்தும் தன் தோல்தான் மணத்தது. பிள்ளையை யாரோ ஏமாற்றிவிட்டார்களோ என்று கவலையாகிவிட்டது.

அன்றைக்கே பெவின் கூப்பிட்டான். “ம்மா, எப்படி இருக்கு?”

“ரொம்ப நல்லாருக்குய்யா.”

“பொய் சொல்லாதீங்க,” என்று சிரித்தான். “இதுல ஒரே ஒரு மர வாசந்தான். தோல் சூட்டுல மெதுவா எழும்பும், அடங்கும், திரும்ப வரும். போட்டவங்க மூக்குக்குப் பழகிரும், தெரியாது. பக்கத்துல நிக்கவங்கதான் சொல்லணும்.”

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் அவளை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் தலையிலிருந்த பிச்சிப்பூ எல்லாவற்றையும் மூடிவிட்டது. திங்கட்கிழமை ஆபீசில், காசிலிங்கம் அண்ணாச்சி ஒரு பில்லோடு மேசைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, ஏதாவது வாசம் வருதா?”

“லாரி டீசலா இருக்கும்மா. வாசல் கதவ அடைக்கச் சொல்லுதேன்,” என்று போய்விட்டார்.

அவரிடம் கையை நீட்ட முடியுமா? பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தாள். என் கையைப் பிடித்து முகர்ந்து பார் என்று சொல்ல இந்த ஊரில் தனக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கை கழுவி, மறுபடி அடித்துக்கொண்டு, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அது ஆறுமுகத்தாய் வீடு. தண்ணீர் மோட்டார் போடுவதில் சண்டை வந்து, இருவரும் பேசியே மாதக்கணக்காகிறது.

“என்னளா, மோட்டாரு ஓடல, போய்ப் பாரு.”

“அதுக்கு வரலக்கா.” கையை நீட்டினாள். “இதக் கொஞ்சம் மோந்து பாருங்க.”

ஆறுமுகத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “பொறு, மீன் கை,” என்று உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். ஈரக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஒண்ணும் வரலயே... இரு, வருது. புதுக் கதவ இழைக்கும்போது வருமே, அந்த வாசம். அட, போயிட்டு. இந்தா, திரும்ப வருது!”

பிடித்த கையை அவள் விடவில்லை. ஜெபசுதாவும் இழுத்துக்கொள்ளவில்லை.

“எதுக்குளா கண்ணு கலங்குது? கெட்ட வாசம்னா சொன்னேன்?”

“இல்லக்கா. எனக்குத்தான் தெரியவே மாட்டேங்குது.”

“பாட்டில எடுத்துட்டு வா. எனக்கும் கொஞ்சம் வை.”

எடுத்து வந்து வைத்தாள். இரண்டு பேரும் வாசலிலேயே நின்று காத்திருந்தார்கள். ஆறுமுகத்தாயின் கைச்சூட்டில் நெடி அடங்கி, மெல்ல அது எழும்பியது. இனிப்பே இல்லாத காய்ந்த மரம். அடியில் சோப்பும் கொஞ்சம் மஞ்சளும். ஜெபசுதாவின் மூக்குக்கு முதல்முறையாக எட்டியது.

உள்ளே குக்கர் விசிலடித்தது. “ஐயோ, பருப்பு!” என்று ஆறுமுகத்தாய் ஓட, கதவு சாத்திக்கொண்டது.

ஜெபசுதா அங்கேயே நின்றாள். உள்ளேயிருந்து ஆறுமுகத்தாயின் குரல் கேட்டது. “ஏங்க, இந்தக் கைய மோந்து பாருங்களேன்.” அவள் கணவர் தளவாய் அண்ணாச்சி சிரித்தார். “யாரு வச்சது?”

“நம்ம சுதா.”

ஒரு வீட்டுக்குள் தன்னைப் பெயர் சொல்லிப் பேசக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. வேறு ஏதாவது சொல்வார்களா என்று இன்னும் கொஞ்சம் நின்றாள். டிவி சத்தம்தான் வந்தது. பிறகு தன் வீட்டுக்குள் போய், ஓர் ஆளுக்கு அரிசி களைந்து அடுப்பில் வைத்தாள்.